விழுந்தவனைத் தூக்க ஓடாதே

“கூட வேலை செய்கிறவன் திடீரென்று சுருண்டு விழுகிறான். என்ன செய்வீர்கள்?”

வளைகுடாவில் ஓர் எரிவாயு ஆலைக்குப் புதிதாக வந்து இறங்கியவர்களுக்கு முதல் நாள் வகுப்பு. விமானத் தூக்கம் கலையாத முகங்கள். “ஓடிப்போய்த் தூக்குவோம் சார்” என்றது முன்வரிசையிலிருந்து ஒரு தமிழ்க் குரல். “அப்போ ஸ்ட்ரெச்சர் ரெண்டு கொண்டுவரணும்” என்றார் பயிற்சியாளர். அந்தக் குரலுக்கு உரியவர்தான் இன்று இதை எழுதுகிறவர்.

ஆள் விழக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடாக இருக்கலாம். ஆலையில் எல்லோருக்கும் அது ‘எச்டூஎஸ்’. அழுகிய முட்டை நாற்றம் என்று பள்ளியில் படித்ததுதான். பள்ளியில் சொல்லாத மீதிக் கதை: காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு, அதாவது 1 பிபிஎம்முக்குக் குறைவாக இருக்கும்போதே மூக்கு கண்டுபிடித்துவிடும், 100 பிபிஎம்மைத் தொட்டால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றதும் வாயு போய்விட்டது என்று நினைக்கிறான் புது ஆள். ஆயிரத்தை நெருங்கினால் ஓரிரு மூச்சில் ஆள் காலி. காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளத்திலும் குழியிலும் போய்த் தங்கும். ஆகவே சட்டையில் மாட்டிய டிடெக்டர் கத்தினால், முதலில் கம்பத்தில் கட்டிய காற்றுப்பை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து, காற்று வரும் திசைக்கு விலகிப் போக வேண்டும். சிலிண்டரும் முகமூடியும் மாட்டியவர் மட்டுமே விழுந்தவரை நெருங்கலாம்.

தாடி விவகாரம் தனி. முகமூடிக்கும் தோலுக்கும் நடுவே முடி இருந்தால் வாயு நுழைந்துவிடும். காதலிக்காக வளர்த்தேன் என்று கண்கலங்கியவரும் மறுநாள் மழித்துக்கொண்டுதான் வந்தார்.

ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால் தப்பிக்கப் பழகுவதற்காக, கடல் தளத்துக்குப் போகிறவர்களை ஹெலிகாப்டர் போன்ற கூண்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, நீச்சல் குளத்தில் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். கை ஜன்னல் விளிம்பை விடக் கூடாது; கூண்டு சுழன்று நின்ற பிறகே பெல்ட்டைக் கழற்ற வேண்டும். உடம்போ முதலில் பெல்ட்டைத்தான் கழற்றச் சொல்கிறது.

“சமையல்காரனுக்கு எதுக்கு சார் இதெல்லாம்?” என்று ஒருவர் கேட்டார். பதில் மும்பை ஹை கடல் எண்ணெய் வயலில் இருக்கிறது. 2005 ஜூலை 27 அன்று, விரலை வெட்டிக்கொண்ட ஒரு சமையல்காரரைத் தளத்துக்கு மாற்ற நெருங்கி வந்த கப்பல், எரிவாயுக் குழாயில் மோதியது. பற்றிய தீயில் 22 பேர் போனார்கள்.

வகுப்பில் எல்லோரும் கொட்டாவி விட்ட இடம் பெர்மிட் (வேலை அனுமதிச் சீட்டு) பாடம். காகிதம்தானே! வட கடலில் பைப்பர் ஆல்ஃபா தளத்தில் 1988 ஜூலை 6 அன்று, பழுதுபார்க்க ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்தார்கள். அந்தத் தகவல் இரவு ஷிப்டைச் சென்றடையவில்லை. மற்றொரு பம்பு நின்றுபோக, அவர்கள் இதை ஓட்டினார்கள். 167 பேர் இறந்தார்கள். அதனால் இதை எழுதுகிறவர் ஷிப்ட் மாறும்போது பெர்மிட்டை மேசையில் வைத்துவிட்டு வருவதில்லை. அடுத்த ஆளை இயந்திரத்தடிக்கே கூட்டிப்போய்க் காட்டுவார். ஐந்து நிமிடம் தாமதம், திட்டும் விழும்.

இன்னொரு கெட்ட பழக்கம், தலையாட்டல். ஆங்கிலத்தில் சொன்னது பாதி புரியாமலே ‘ஓகே சார்’ என்போம். கடைசித் தேர்வில் பக்கத்துத் தாளைப் பார்த்து டிக் அடிப்போம். அந்த முதல் வகுப்பின் தேர்வில் இதை எழுதுகிறவரும் அடித்தார். பின்னால் புதியவர்களுக்கு இவரே சொல்லிக்கொடுக்க நேர்ந்தபோது தேர்வுத்தாளை ஓரமாக வைத்தார். “தம்பி, இப்ப நான் சொன்னதை உன் ஊர்ப் பேச்சில சொல்லு” என்பார். சொல்ல முடியாதவருக்கு மறுபடி முதலிலிருந்து.

ஒருமுறை லீவில் ஊர் வந்திருந்தார். பக்கத்து வீட்டில் செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து ஏணியை இறக்கியிருந்தார்கள். ஏணியில் ஒரு காலை வைத்த பையனைச் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவன் முறைத்தான்.

“நாத்தமே இல்லியேண்ணே, எறங்கினா என்ன?”