ஃபார்மட் கேட்கும் டிஸ்க்: எதில் போட்டுத் திறப்பது?

எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரே புஞ்சைக்கு மூன்று கணக்கு சொல்வார்கள். பெரியவர்களுக்கு அது இத்தனை குறுக்கம். பத்திரத்தில் ஏக்கரும் செண்ட்டும் இருக்கும். பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் வரும். கரிசல் அதேதான், வரப்பும் நகரவில்லை. ஏக்கர் கணக்கு மட்டும் தெரிந்த ஒருவர் பட்டாவைப் பார்த்துவிட்டு, "இது வெறும் தரிசு, புதிதாக அளந்து கல் நட்டுவிடவா?" என்று கேட்டால் நாம் விடுவோமா? ஒரு கம்ப்யூட்டரில் பிரிக்கப்பட்ட ஹார்ட் டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகும்போது அது கேட்பது இதே கேள்விதான். நாமும் சரி என்று சொல்லிவிடுகிறோம்.

நானும் சொல்லியிருக்கிறேன். 2011-இல் தமிழக அரசு பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய லினக்ஸ். என் அக்கா மகன் அந்த லினக்ஸ் பகுதியில்தான் தன் பாட்டு, படம் எல்லாவற்றையும் வைத்திருந்தான். எங்கள் அப்பத்தா பாடிய தாலாட்டு ஒன்றையும் அதிலேயே பதிந்து வைத்திருந்தான். சில வருஷத்தில் மதர்போர்டு போனது. டிஸ்க்கைக் கழற்றி ஒரு கடையில் கொடுத்தோம். விண்டோஸ் மெஷினில் செருகிய பையன், "அண்ணே, ஃபார்மட் கேக்குது, குடுக்கவா?" என்றான். "குடுப்பா" என்றேன். அன்றைக்கே அதில் சினிமாப் படங்களை ஏற்றி எடுத்து வந்தோம். தாலாட்டு போய்விட்டது. அப்பத்தாவும் இப்போது இல்லை. இதை நான் எழுதுவதற்கு அதுதான் காரணம்.

அந்த டிஸ்க்கில் எந்தக் கோளாறும் இருக்கவில்லை. விண்டோஸுக்கு அதன் கணக்கு முறை தெரியவில்லை, அவ்வளவுதான்.

டிஸ்க்கில் இரண்டு அடுக்குக் கணக்கு உண்டு. மேலே இருப்பது பார்ட்டிஷன் டேபிள். கிராம நிர்வாக அலுவலர் கையில் இருக்கும் புலப்படம் போல, எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மட்டும் அது சொல்லும். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்று சொல்வது ஃபைல் சிஸ்டம். இரண்டில் ஒன்று புரியாவிட்டாலும் கம்ப்யூட்டர் கையை விரித்துவிடும். எது புரியவில்லை என்று தெரிந்துகொண்டால் அடுத்து எங்கே போவது என்பதும் தெரிந்துவிடும்.

புலப்படத்திலேயே பல வகை உண்டு. 1983-இல் ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்டி-யோடு வந்த எம்.பி.ஆர். முறை டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் அடங்கிவிடும். அதில் நான்கு பகுதிகளை மட்டுமே எழுத இடம் உண்டு. 512 பைட் செக்டர் கணக்கில் ஏறத்தாழ 2 டி.பி.க்கு மேல் அதால் எண்ண முடியாது. அதற்குப் பின் வந்த ஜி.பி.டி. வழக்கமாக 128 பகுதிகளுக்கு இடம் வைத்திருக்கும். தன் நகல் ஒன்றை டிஸ்க்கின் கடைசியிலும் எழுதிவைக்கும். 2006-இல் இன்டெல் சில்லுக்கு மாறும்வரை ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர்கள் தங்களுக்கென்று தனி முறை ஒன்றை வைத்திருந்தன. சன், எஸ்.ஜி.ஐ., அமிகா, அட்டாரி, பி.எஸ்.டி. என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு முறை இருந்தது.

இத்தனை முறைகளையும் வாசிக்கத் தெரிந்த பொதுவான இயங்குதளம் ஒன்று உண்டு. அது லினக்ஸ். வேறு வகை இயந்திரங்களில் பிரிக்கப்பட்ட டிஸ்க்குகளைப் படிக்கவென்றே அதன் மையப் பகுதியான கெர்னலில் தனி அமைப்பு இருக்கிறது. மேலே சொன்ன முறைகள் எல்லாம் அந்த அமைப்பில் உள்ளவை. டெபியன், உபுண்டு போன்றவற்றில் இவற்றில் பெரும்பாலானவற்றை இயக்கிய நிலையிலேயே தருகிறார்கள். கெர்னலைத் தாங்களே தொகுக்கும் மாணவர்கள் இந்த அமைப்பு வேண்டுமா என்ற கேள்வி வரும்போது 'ஆம்' என்று கொடுத்து வையுங்கள். கெர்னல் கொஞ்சம் பெரிதாகும், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது.

ஆகவே அடையாளம் தெரியாத டிஸ்க் கையில் வந்தால் நான் முதலில் சொல்வது, நிறுவாமலே ஓடும் லைவ் லினக்ஸ் பென் டிரைவ்தான். 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று போதும். விண்டோஸில் ரூஃபஸ் அல்லது வென்டாய் நிரலியைக் கொண்டு லினக்ஸ் மின்ட்டையோ டெபியனின் லைவ் பதிப்பையோ அதில் எழுதிக்கொள்ளுங்கள். மெஷினை அந்தப் பென் டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். 'இன்ஸ்டால்' பக்கம் போகவே வேண்டாம். மெஷினில் உள்ள விண்டோஸை அது தொடாது. பிறகு டிஸ்க்கைச் செருகி, 'டிஸ்க்ஸ்' என்ற நிரலியைத் திறந்தால், எந்த வகை டேபிள், எத்தனை பகுதி, ஒவ்வொன்றிலும் என்ன ஃபைல் சிஸ்டம் என்று பெயர் சொல்லிக் காட்டும். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ்., லினக்ஸின் ஈ.எக்ஸ்.டி.4, பழைய மேக்கின் எச்.எஃப்.எஸ். பிளஸ் மூன்றையும் அங்கேயே திறந்து நகல் எடுக்கலாம்.

பக்கத்துச் சிவகாசியில் அச்சு வேலைக்கு மேக் வைத்திருந்தவர்கள் வீட்டில் பழைய டிஸ்க்குகள் கிடக்கலாம். அவர்களுக்கு இது நல்ல வழி. டிஸ்க் 1990-களின் ஸ்கஸி வகையாக இருந்தால் இணைப்பு கிடைப்பதே கஷ்டம். பின்னால் வந்த ஐ.டி.ஈ., சாட்டா டிஸ்க்குகளுக்கு யு.எஸ்.பி. அடாப்டர் எளிதாகக் கிடைக்கிறது.

லினக்ஸிலும் தடங்கல் வரும். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது. பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அப்படி அணைத்த மெஷினிலிருந்து கழற்றிய டிஸ்க்கை லினக்ஸ் வாசிக்க மட்டும் அனுமதிக்கும், எழுத விடாது. நமக்கு அதுவே போதும். வற்புறுத்தி எழுத முயல வேண்டாம். பிட்லாக்கர் பூட்டு போட்ட டிஸ்க் என்றால் கடவுச்சொல்லோ 48 இலக்க மீட்புச் சாவியோ இல்லாமல் வேறு எந்த மெஷினிலும் திறக்காது. அந்தச் சாவி பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், அங்கே தேடச் சொல்லுங்கள். 2017-க்குப் பின் வந்த மேக்குகளின் ஏ.பி.எஃப்.எஸ். லினக்ஸில் இன்னும் சரளமாக வரவில்லை. அதற்கு இன்னொரு மேக்தான் வழி.

இரண்டாவது வழி விண்டோஸிலேயே வைத்துப் பார்ப்பது. பூட் மெனுவைப் பார்த்தால் பயம் என்பவர்களுக்கும், ஒரே ஒரு லினக்ஸ் பகுதியிலிருந்து நாலு கோப்பை எடுத்தால் போதும் என்பவர்களுக்கும் இது சரி. டிஸ்க்இன்டர்னல்ஸ் லினக்ஸ் ரீடர் போன்ற நிரலி ஈ.எக்ஸ்.டி.4 பகுதியை வாசிக்க மட்டும் செய்யும், எழுதாது. அதனால் ஆபத்து குறைவு. விண்டோஸ் 11-இல், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். வழியாகவும் லினக்ஸ் டிஸ்க்கை இணைக்கலாம், ஆனால் பென் டிரைவுக்கு அது உதவாது. இந்த வழியில் எனக்குள்ள பயம் ஒன்றுதான். நிரலியைத் திறப்பதற்கு முன்பே விண்டோஸ் குறுக்கே வந்து "ஃபார்மட் செய்யவா?", "இனிஷியலைஸ் செய்யவா?" என்று பெட்டி காட்டும். இரண்டுக்கும் 'கேன்சல்' மட்டுமே கொடுங்கள். மில் அலுவலகங்களிலும் கடைகளிலும் இன்னும் எக்ஸ்பி ஓடுகிற மெஷின் இருந்தால் அதில் புது டிஸ்க்கைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம். 32 பிட் எக்ஸ்பிக்கு ஜி.பி.டி. தெரியாது.

மேக் வைத்திருப்பவரிடம் போவது மூன்றாவது. மேக்கிலிருந்து வந்த டிஸ்க்குக்கு அதுவே முதல் வழி. என்.டி.எஃப்.எஸ்.ஸை மேக் வாசிக்கும், எழுதாது. ஈ.எக்ஸ்.டி.4 அதற்குத் தெரியாது. அதுவும் 'இனிஷியலைஸ்' என்று கேட்கும், 'இக்னோர்' கொடுங்கள்.

டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டால் மட்டும் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். முதலில் வேறு கேபிளில், டெஸ்க்டாப்பின் பின்பக்க யு.எஸ்.பி.யில் செருகிப் பாருங்கள். பழைய மடிக்கணினிப் போர்ட்டில் மின்சாரம் போதாமலும் அந்தச் சத்தம் வரும். அப்போதும் நிற்காவிட்டால் உடனே கழற்றிவிட்டு, மதுரையிலோ சென்னையிலோ டேட்டா மீட்பவர்களிடம் கொடுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதில் மிச்சமிருப்பதும் தேய்ந்து போகும்.

இன்னும் இரண்டு வகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடைகளில் சிசிடிவி டி.வி.ஆர். பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் சொந்த முறையில் எழுதப்பட்டது. திருட்டு நடந்து காட்சி தேவைப்பட்டால் டிஸ்க்கைக் கழற்றாதீர்கள். டி.வி.ஆரிலேயே பென் டிரைவைச் செருகி, தேதி, நேரம் கொடுத்து எடுங்கள். அடுத்தது, 3 டி.பி., 4 டி.பி. என்று வாங்கிய சில வெளி டிஸ்க்குகள். எக்ஸ்பியிலும் ஓட வேண்டும் என்பதற்காக அவற்றின் பெட்டி செக்டரை 4096 பைட் என்று மாற்றிச் சொல்லும். யு.எஸ்.பி. போர்ட் உடைந்துபோய், உள்ளே இருக்கும் டிஸ்க்கை மட்டும் கழற்றி நேரடியாக இணைத்தால் புலப்படத்தின் அளவுகள் எல்லாம் தப்பாகிவிடும். ஏக்கர் கணக்கை ஹெக்டேர் என்று வாசித்தது போலத்தான். அதே மாதிரிப் பெட்டி இன்னொன்று கிடைத்தால் அதில் போட்டுப் பாருங்கள்.

'சரி' கொடுத்தே ஆகிவிட்டது என்றால்? இனிஷியலைஸ் டேபிளைத்தான் மாற்றுகிறது. குவிக் ஃபார்மட் புதுக் கணக்கேட்டின் முதல் பக்கங்களைத்தான் எழுதுகிறது. உள்ளே உள்ளதில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். அந்த நொடியே நிறுத்துங்கள். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச நிரலி தொலைந்த பார்ட்டிஷனைத் தேடித் தரும். அதோடு வரும் ஃபோட்டோரெக் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் பொறுக்கி எடுக்கும். எங்கள் தாலாட்டு போனது ஃபார்மட்டினால் அல்ல, அதன்மேல் ஏற்றிய படங்களால். எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் இந்த நம்பிக்கையும் குறைவு. ஃபார்மட் செய்யும்போதே பழைய இடங்களைத் துடைத்துவிடும்படி அதற்குக் கட்டளை போய்விடும்.

இனி, புதிதாக வாங்கும் டிஸ்க்கை எந்த முறையில் வைப்பது? அது எந்தெந்த மெஷினுக்குப் போகப்போகிறது என்று முதலில் யோசியுங்கள். கல்யாண வீடியோவை ஸ்டுடியோவிலிருந்து வீட்டு டிவிக்கும், மருமகனின் மேக்குக்கும் கொண்டு போக வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட். 2006-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த இதை விண்டோஸும் மேக்கும் எழுதவும் படிக்கவும் செய்யும். 2019-இல் மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு லினக்ஸ் கெர்னலுக்குள்ளும் வந்துவிட்டது. 32 ஜி.பி.க்கு மேற்பட்ட கேமரா கார்டுகளும் இந்த முறைதான். பழைய டிவியும் காரில் உள்ள பாட்டுப் பெட்டியும் ஃபேட்32 மட்டும் கேட்கலாம். ஆனால் அதில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. தாலி கட்டுகிற காட்சி பாதியில் நின்றுவிடும்.

எக்ஸ்ஃபேட்டில் ஒரு குறை, எங்கள் ஊருக்கு முக்கியமான குறை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், என்ன எழுதினோம் என்று திரும்பிப் பார்க்க அதில் ஜர்னல் கிடையாது. என்.டி.எஃப்.எஸ்.ஸிலும் ஈ.எக்ஸ்.டி.4-லும் உண்டு. ஆகவே ஊர் சுற்றும் டிஸ்க்குக்கு எக்ஸ்ஃபேட். வீட்டிலோ கடையிலோ ஒரே இடத்தில் இருக்கும் சேமிப்பு டிஸ்க்குக்கு, விண்டோஸ் வீடு என்றால் என்.டி.எஃப்.எஸ்., லினக்ஸ் வீடு என்றால் ஈ.எக்ஸ்.டி.4. டேபிளைப் பொறுத்தவரை, டிஸ்க் 2 டி.பி.க்கு மேல் என்றால் ஜி.பி.டி.தான். அதற்குக் கீழே, பழைய டிவிக்கும் போக வேண்டும் என்றால் எம்.பி.ஆர். இருக்கட்டும். எந்த முறையானாலும் டிஸ்க்கின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, என்ன முறை, எந்த மெஷினில் பிரித்தது, எந்த வருஷம் என்று பேனாவால் எழுதிவிடுங்கள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. பழைய பள்ளி மடிக்கணினிகளில் விண்டோஸ் 11 ஏறாது. அவற்றை வீசாமல், நினைவகம் குறைவு என்றால் எக்ஸ்எஃப்சிஈ போன்ற இலேசான முகப்போடு ஒரு லினக்ஸை ஏற்றினால், தெருவுக்கே வேற்று டிஸ்க் வாசிக்கும் மெஷின் ஒன்று கிடைத்துவிடும். திருச்சுழிப் பக்கமும் பந்தல்குடிப் பக்கமும் எத்தனையோ வீட்டுப் பரணில் அந்த மடிக்கணினிகள் கிடக்கின்றன. பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன்னால் டிஸ்க்கை மட்டும் கழற்றி ஒருமுறை படித்துப் பாருங்கள். உங்கள் வீட்டு அப்பத்தாவின் குரலும் அதில் இருக்கலாம்.