பயிற்சி முடிந்து ஊர் திரும்பிய பிறகு

கீழ்வேளூரில் உளவியல் ஆலோசகராக இருப்பவருக்குத் தொடர்கல்வி என்றாலே முதலில் பயணம்தான். நல்ல பயிலரங்குகள் சென்னையிலோ பெங்களூருவிலோ நடக்கும். நிம்ஹான்ஸ், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, ஸ்கார்ஃப், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் என்று எங்கே போவதானாலும் ராத்திரி பஸ் ஏறி, விடிந்ததும் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு வகுப்பில் உட்கார வேண்டும். அந்த நாட்களின் வருமானம் போகும். பார்க்க வருகிறவர்களைத் தள்ளி வரச் சொல்ல வேண்டும். இவ்வளவையும் கொடுத்துக் கற்றது கையில் நிற்க வேண்டுமே என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு. பல வருஷம் போய்வந்ததில் ஒன்று உறுதிப்பட்டிருக்கிறது: பயிற்சி நடக்கும் இரண்டு நாளைவிட, ஊர் திரும்பிய பின் வரும் இரண்டு மூன்று மாதம்தான் முக்கியம். அந்த மாதங்களுக்கு ஏற்பாடு செய்துகொள்ளாமல் நான் இப்போது எந்தப் பயிற்சிக்கும் பணம் கட்டுவதில்லை.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. குடியை விட நினைத்தும் விட முடியாமல் தவிப்பவரோடு பேசுவதற்கு ‘மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்’ என்ற முறையை உருவாக்கியவர்களில் முதல்வர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர். தன் முறையைத் தானே சோதித்துப் பார்த்தார். 140 தொழில்முறை ஆலோசகர்களைப் பிரித்து, சிலருக்குப் பயிலரங்கு மட்டும், சிலருக்குப் பயிலரங்குக்குப் பிறகு அவர்கள் பேசிய பதிவைக் கேட்டுக் கருத்து, சிலருக்குக் கூடவே தொலைபேசியில் வழிகாட்டல் என்று கொடுத்தார்கள். முடிவு 2004இல் வெளிவந்தது. பயிலரங்கு மட்டும் பெற்றவர்கள் முதலில் தேறினார்கள். சில மாதங்களில் அந்தத் தேர்ச்சி வடிந்தது. பதிவைக் கேட்டுச் சொல்ல ஆள் இருந்தவர்களிடம் அது தங்கியது. 2016இல் வந்த இன்னொரு ஆய்வு 170 சிகிச்சையாளர்களையும், அவர்கள் பல வருஷங்களில் பார்த்த 6,591 பேரையும் எடுத்துக்கொண்டது. அனுபவம் ஏற ஏறச் சிகிச்சையின் பலன் கூடியிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். சராசரியாகப் பார்த்தால் கூடவில்லை, மிகச் சிறிய அளவில் இறங்கியிருந்தது. பதினைந்து வருஷ அனுபவம் என்று பலகையில் எழுதிக்கொள்கிற எல்லோரும் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

ஆகவே நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். திருவாரூர், மன்னார்குடி, மயிலாடுதுறை, காரைக்கால் என்று ஆளுக்கொரு ஊர். ஒருவர் பள்ளியில் ஆலோசகர், ஒருவர் குடிநோய் மீட்பு மையத்தில், ஒருவர் மருத்துவமனையில். வெவ்வேறு ஊராக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே ஊர்க்காரர் என்றால் பெயரை மறைத்தாலும் குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். “தேவூர் பக்கம், அண்ணன் தம்பி நிலத் தகராறு” என்று பாதி சொல்வதற்குள் மீதியை அவரே சொல்லிவிடக்கூடிய வட்டாரம் இது. அதனால் எனக்கு வரும் விஷயங்களைக் காரைக்கால்காரர் கேட்கிறார். அவருடையதை நான் கேட்கிறேன்.

கேட்கும் முறை இப்படி. வந்தவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்பேன். செல்போனில் பதிவு செய்தால் வாட்ஸ்அப்பில் போய்விடுமோ என்று பயப்படுகிறார்கள். நியாயமான பயம். அதனால் தனியாக ஒரு ரெக்கார்டர் வைத்திருக்கிறேன். எதற்காக, யார் கேட்பார், எப்போது அழிப்பேன் என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன். அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு நான் சொன்னதையும் அவர் சொன்னதையும் நினைவிலிருந்து வரிவரியாக எழுதுவேன். எங்கள் கூட்டத்தில் முழு உரையாடலையும் எடுப்பதில்லை. பத்து நிமிஷத் துண்டு போதும். அதைப் போடுகிறவர் ஒரே ஒரு கேள்வியோடு வர வேண்டும்: “இந்த இடத்தில் அந்த அம்மா பேச்சை நிறுத்தினாங்க. நான் என்ன செஞ்சதால நிறுத்தினாங்க?” இந்த மாதிரிக் கேள்வி இருந்தால்தான் கேட்பவர்கள் பொதுவாகப் பாராட்டிவிட்டுப் போகாமல் இருப்பார்கள். வயதும் பட்டமும் பார்க்காமல், அந்த வாரம் துண்டு போடாதவர் முதலில் பேச வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

எதைக் கற்றுக்கொள்வது என்று இளையவர்கள் கேட்டால் புதிதாக வந்திருக்கும் சிகிச்சை முறைகளின் பெயரை நான் சொல்வதில்லை. உங்கள் ஊரில் எது உயிரை எடுக்கிறதோ அதில் தொடங்குங்கள் என்பேன். டெல்டாவில் அது பூச்சிமருந்து. எனவே தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேராகக் கேட்கும் பயிற்சிதான் முதல். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுமோ என்ற அச்சம் படித்தவர்களிடமும் இருக்கிறது. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. கேட்கப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு ஆசுவாசம்தான் வருகிறது. ஆனால் படித்துத் தெரிந்துகொண்டால் மட்டும் வாய் வந்துவிடாது. எங்கள் கூட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் சம்பா மூழ்கிப்போன விவசாயியாக, ஒருவர் ஆலோசகராக, சத்தமாகச் சொல்லிப் பழகுவோம். “ரொம்ப மனசு விட்டுப்போச்சோ?” என்று சுற்றி வளைப்பதோடு நின்றுவிடக் கூடாது. “இவ்வளவு பாரம் தாங்கும்போது செத்துப்போயிடலாம்னு சில பேருக்குத் தோணும். உங்களுக்குத் தோணிச்சாங்கய்யா?” என்று குரல் நடுங்காமல் கேட்கும் வரை திரும்பத் திரும்பச் சொல்வோம். அடுத்து, “வீட்டுல மருந்து எங்க இருக்கு?”

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பின்னால் நம் பக்கத்து அனுபவம் ஒன்று இருக்கிறது. ஸ்னேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பை 1986இல் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரின் குழு, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டத்தில் பூ விவசாயம் செய்யும் கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஓரிடத்தில் பூட்டும் பெட்டிகளில் வைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தது. பெட்டி வைத்த ஊர்களையும் வைக்காத ஊர்களையும் ஒப்பிட்டு 2013இல் வெளியிட்டார்கள். விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள், வைத்த ஊர்களில் தற்கொலைகள் குறைந்தன. உந்துதல் பெரும்பாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் கைக்கெட்டாமல் இருந்தால் பலர் பிழைத்துக்கொள்வார்கள். பார்பரா ஸ்டான்லியும் கிரகரி பிரவுனும் வகுத்த பாதுகாப்புத் திட்டத்தின் கடைசிப் படியும் இதுவே. ஆறு படிகளையும் ஒரு தாளில் அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும்: மனம் சரியத் தொடங்குவதற்கான அறிகுறி, தானே செய்துகொள்ளக்கூடியது, போய் உட்காரக்கூடிய இடமும் ஆட்களும், உதவி கேட்கக்கூடிய சொந்தம், தொழில்முறை உதவி, வீட்டைப் பாதுகாப்பாக்குவது. பயிற்சியில் ஆறு வரியில் முடிகிறது. இங்கே ஆறாவது வரிக்கே ஒரு மணி நேரம் போகும். மருந்தை வயலில் மோட்டார் கொட்டகையில் வைத்துப் பூட்டலாம், சாவி யாரிடம்? மனைவியிடம் என்றால் அவர் கேட்டதும் கொடுத்துவிடுவார். “அக்கா வீட்டுக்காரர்கிட்ட இருக்கட்டும், அவர் கேள்வி கேட்காம குடுக்க மாட்டார்” என்று அவரே ஆளைச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். தாளின் அடியில் 14416 என்று பெரிதாக எழுதுகிறேன். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண். எந்நேரமும் தமிழில் பேசலாம்.

கற்றதைப் புதுப்பிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் மாவட்டமே பெரிய சாட்சி. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பின் எங்கெங்கிருந்தோ ஆலோசகர்கள் வந்தார்கள். பேரிடரில் தப்பியவரை உட்கார வைத்து, நடந்ததை ஒரே அமர்வில் முழுக்கச் சொல்ல வைத்தால் பின்னால் வரும் மனப் பாதிப்பைத் தடுக்கலாம் என்ற பழைய முறையைச் சிலர் கையாண்டார்கள். அந்த முறை தடுக்கவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று 2002லேயே காக்ரேன் மதிப்பாய்வு சொல்லியிருந்தது. வந்தவர்களின் நல்ல மனசில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் கற்றது பழையதாகியிருந்தது, பிள்ளையை இழந்த தாய் அதற்கு விலை கொடுத்தாள். அதே சமயம், நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்கள் உள்ளூர்ப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்தன. உள்ளூர்க்காரர்கள் தங்கினார்கள், தொடர்ந்து வீடு வீடாகப் போனார்கள். நான் அந்த வழியைத்தான் நம்புகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு வேறு மாதிரிச் சொல்கிறது: பார், கேள், இணைத்துவிடு. கதையைத் தோண்டாதே, தேவையைக் கேள். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அடித்தபோது இதைக் கற்று வைத்திருந்தது எனக்குப் பெரிய பலமாக இருந்தது. வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்பு முழுக்கச் சாய்ந்து கிடந்தது. மரத்தைப் பிள்ளை என்று சொல்லும் ஊர். மறுபடி நட்டால் காய்ப்பதற்கு வருஷங்கள் ஆகும். ஒரு பெரியவர் என்னிடம் கேட்டது தார்ப்பாய் எங்கே கிடைக்கும், பெண் வீட்டுக்குப் போன் போட செல்லை எங்கே சார்ஜ் செய்யலாம் என்பது. இரண்டையும் முடித்துவிட்டு வந்து திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்தேன். மரங்களைப் பற்றி அவர் பேசியது மூன்றாவது தடவை நான் போனபோது, அவராக.

சட்டத்தைப் பற்றிய வகுப்புகளைப் பலர் தவிர்க்கிறார்கள். சலிப்பூட்டும் என்பது உண்மைதான். போகாமல் இருக்காதீர்கள். மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம், 2017, அடுத்த ஆண்டு மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 115ஆவது பிரிவு. இது தெரியாமல் இன்றைக்கும் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, வயிற்றுவலி என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து சீக்கிரம் கூட்டிவந்துவிடும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு இந்தப் பிரிவை எளிய தமிழில் எடுத்துச் சொல்வதும் சிகிச்சையின் பகுதிதான். போக்சோ சட்டம், 2012, இன்னும் நேராக நம்மைத் தொடுகிறது. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரிந்தால் புகார் கொடுத்தே ஆக வேண்டும். மறைத்தால் நமக்குத் தண்டனை. ஆகவே பதினெட்டு வயதுக்குக் கீழ் இருப்பவரிடம் “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்க முடியாது. எங்கள் கூட்டத்தில் பலமுறை பேசிப் பார்த்து ஒரு வாசகத்துக்கு வந்திருக்கிறோம். முதல் நாளே சொல்கிறோம்: “நீ சொல்றது என்கிட்டயே இருக்கும்மா. ஆனா யாராவது உனக்குக் கெடுதல் பண்றாங்கன்னா அதை நிறுத்த ஆள் சேர்க்கணும். யார்கிட்ட சொல்லப்போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்.”

தொழில்முறைப் பதிவு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு வேண்டும். அதைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகளும் வேண்டும். என்னைப் போல எம்.எஸ்சி. முடித்து ஆலோசகராக இருப்பவர்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது. புள்ளிக்காகப் போகும் வகுப்பும் பயன்படும், முன்கூட்டியே பேசிவைத்தால். பதிவு செய்யும்போதே நான் அமைப்பாளருக்குப் போன் போட்டு மூன்று விஷயம் கேட்கிறேன்: தமிழில் ரோல் பிளே உண்டா, ஒரு மாதம் கழித்துக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பதிவைக் கேட்டுக் கருத்துச் சொல்வாரா, வரமுடியாதவருக்கு இணைய வழி உண்டா. இரண்டாவதற்கு ஆம் என்று சொல்பவர்கள் குறைவு. சொல்கிறவர் எங்கே இருந்தாலும் போகலாம்.

கற்றதை உடனே வேறொருவருக்குக் கற்றுக்கொடுப்பது நான் கண்ட இன்னொரு வழி. கிராம சுகாதாரச் செவிலியர்களும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிப் போய் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கும் பெண்களும் என்னைவிட முன்னால் விஷயத்தைப் பார்க்கிறார்கள். “மேடம், அந்த வீட்டு அண்ணி ஒரு மாசமா தூக்கமே புடிக்கலன்னு சொல்றாங்க, நெஞ்சு படபடங்குதாம், மாத்திரையைத் தொடவே இல்ல” என்று அவர்கள் கொண்டுவரும் செய்தியில் பாதி நோயறிதல் இருக்கிறது. தூக்கம், பசி, ஆர்வம், சோர்வு, சாகும் எண்ணம் எனக் கேட்கவேண்டிய கேள்விகளை அவர்களோடு உட்கார்ந்து பழகும்போது என் கேள்விகளும் கூர்மையாகின்றன.

பயிற்சிக் கூட்டங்களுக்கு மாதம் பார்க்க வேண்டும். நடவு நேரத்தில் யாரும் வரமாட்டார்கள். தையில் அறுவடை, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு ஈரப்பதம் குறையக் காத்திருக்கும் வாரங்களில் வீட்டில் ஒருவருக்கும் மனசு நிலைகொள்ளாது. மேட்டூர் திறக்கும் ஜூன் 12க்கு முந்தைய சித்திரையும் வைகாசியும்தான் தோது, அதிலும் பிளஸ் டூ முடிவு வரும் வாரத்தை விட்டுவிட வேண்டும். அந்த வாரம் ஆலோசகர் எல்லோரும் அவரவர் ஊரில், பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சென்னையில் பயிற்சி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது, வருஷத்துக்கு ஒன்றையாவது திருவாரூருக்குக் கொண்டுவாருங்கள் என்பது. நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஊரிலேயே மருத்துவக் கல்லூரி இருக்கிறது, இடத்துக்குப் பஞ்சமில்லை. நாகையிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் காலையில் கிளம்பி வந்துவிடலாம். சாயந்திரம் ஐந்துக்குள் முடித்தால், கிராமத்துக்கு மாறிப் போக வேண்டிய பெண்கள் கடைசி பஸ்ஸை நினைத்துப் பாதியில் எழுந்திருக்காமல் கடைசிப் பயிற்சி வரை உட்காருவார்கள்.