எண்ணுக்குள் எதையும் திணிக்காதே

அன்புள்ள தம்பி,

கல்லூரி நூலகப் பணியாளர்களுக்காக நீ எழுதிய பார்கோடு கையேட்டை நேற்றிரவு படித்து முடித்தேன். கோடுகளை ஸ்கேனர் எப்படிப் படிக்கிறது, கோஹா நூலக மென்பொருளில் எந்தக் கட்டத்தில் எண்ணை ஏற்றுவது என்பதெல்லாம் நீயும் நானும் அறிந்ததுதான். அதனால் நேராக உன் எண் முறைக்கு வருகிறேன். அந்த ஒரு பக்கம் என்னைத் தூங்கவிடவில்லை.

துறைக்கு மூன்று ஆங்கில எழுத்து, வாங்கிய ஆண்டுக்கு இரண்டு இலக்கம், அலமாரிக்கு ஓர் எழுத்தும் ஓர் எண்ணும், கடைசியில் நான்கு இலக்க வரிசை எண், இடையிடையே மூன்று சிறுகோடு. ஆக 14 குறிகள். லேபிளைப் பார்த்தாலே புத்தகத்தைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். லேபிளுக்கு ஏன் தம்பி அந்த வேலை? இது இன்ன புத்தகம் என்று கணினிக்குக் காட்டிக்கொடுத்தால் அதன் வேலை முடிந்தது. துறையும் ஆண்டும் அலமாரியும் கணினியில் இருக்கட்டும். அங்கேதான் அவற்றை மாற்ற முடியும். ஒட்டிய காகிதத்தில் எதை மாற்றுவாய்?

கடைகளில் பார்கோடு தொடங்கிய கதையையே பார். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், டிராய் என்ற ஊரின் மார்ஷ் சூப்பர்மார்க்கெட்டில் ஒரு ஜூசி ஃப்ரூட் சூயிங்கம் பொதியை, இன்று கடைப் பொருள்களில் உள்ள யுபிசி வகைப் பார்கோடை முதன்முதலாக ஸ்கேன் செய்து விற்றார்கள். விலை 67 சென்ட். அந்த விலை கோடுகளில் எங்கும் கிடையாது. பொருளை அடையாளம் காட்டும் எண் மட்டும் உறையில். விலை கடையின் கணினியில். நாளைக்கு விலை ஏறினால் உறையைத் தொட வேண்டியதில்லை. பார்கோடு உலகம் முழுக்கப் பரவியதற்கு இந்தப் பிரிவினைதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். பொருள் பொதிந்த எண்ணை மனிதர்கள் தப்பாகவும் படிப்பார்கள். 890 என்று தொடங்கினால் இந்தியாவில் செய்த சரக்கு என்று அடித்துச் சொல்பவர்களை நீயும் பார்த்திருப்பாய். அந்தச் சரக்கின் நிறுவனம், பார்கோடு எண்களை வழங்கும் ஜிஎஸ்1 இந்தியாவில் பதிந்து எண் வாங்கியிருக்கிறது என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் உன்னைப் போலவே அலமாரி எண்ணை லேபிளில் சேர்த்திருந்தார்கள். நூலகம் புதுக் கட்டடத்துக்குப் போனது. வணிகவியல் துறை இரண்டாகப் பிரிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு லேபிளும் பொய் சொன்னது. புதிதாகச் சேர்ந்த உதவியாளர்கள் லேபிளை நம்பி மூன்றாம் அலமாரியில் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்புவார்கள். ஆண்டு இறுதிச் சரிபார்ப்பில் கிடைக்கவில்லை என்று எழுதப்பட்ட புத்தகங்களில் பாதி பக்கத்து வரிசையிலேயே இருந்தன.

உன் கையேட்டின் இன்னொரு குறையும் எண்ணுக்குள் எல்லாவற்றையும் திணித்ததிலிருந்து பிறந்ததுதான். நீ எடுத்துக்கொண்டது கோடு 39 (Code 39) என்ற பார்கோடு வகை. அதில் 14 குறிகளோடு தொடக்க, முடிவுக் குறிகளும் சேரும். மெல்லிய கோடு கால் மில்லிமீட்டர், தடித்த கோடு அதைப்போல் மூன்று மடங்கு என்று வைத்தால் மொத்தம் ஏறக்குறைய 64 மில்லிமீட்டர் வரும். நீ வாங்கியிருக்கும் ஸ்டிக்கரோ ஏ4 தாளுக்கு 65 வரும் ரகம். அகலம் 38 மில்லிமீட்டர். அதனால்தான் ‘படத்தின் மூலையைப் பிடித்துச் சுருக்கிக்கொள்ளவும்’ என்று எழுத வேண்டியதாயிற்று. அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. பார்கோடைச் சுருக்கக் கூடாது, இழுக்கவும் கூடாது. வேண்டிய அளவிலேயே உருவாக்க வேண்டும். சுருக்கினால் கோடுகளின் விளிம்பு மங்கும், ஒன்றோடொன்று ஒட்டும். அதற்கு மேல் செல்லோடேப்பும் ஒட்டினால் கேட்கவே வேண்டாம். நீ அனுப்பிய மாதிரித் தாளில் கோடுகள் ஸ்டிக்கரின் விளிம்பு வரை ஓடுகின்றன. இருபுறமும் மெல்லிய கோட்டைப் போல் பத்து மடங்கு வெள்ளை இடம் இருந்தால்தான் கோடு எங்கே தொடங்குகிறது என்று ஸ்கேனருக்குப் பிடிபடும்.

இதற்கு என் வழி: நூலகப் பதிவேட்டில் புத்தகத்துக்குத் தரும் அக்ஸெஷன் எண்ணோடு ஒரு லட்சத்தைக் கூட்டிக்கொள். 457ஆம் புத்தகத்துக்கு 100457. முன்னால் சுழியம் வராததால் எக்செல் அதை விழுங்காது. கோடு 128 (Code 128) என்ற வகையில், மெல்லிய கோடு அதே அளவு என்றால், இந்த ஆறு இலக்கமும் 17 மில்லிமீட்டரில் அடங்கும். இருபுறமும் வெள்ளை விட்டாலும் 22தான். மிச்ச இடத்தில் கல்லூரிப் பெயரைப் போடு. கோடுகளுக்குக் கீழே எண்ணையும் அச்சிடு. அது அழகைக் கெடுக்கிறது என்று எடுத்துவிட்டாயே, லேபிள் கீறிப்போன நாளில் கவுன்ட்டரில் இருப்பவர் எதைப் பார்த்துத் தட்டச்சு செய்வார்?

எழுத்தே வேண்டாம், இலக்கம் போதும் என்று நான் பிடிவாதம் பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. நான் வேலை பார்த்த காலத்தில் எங்களிடம் இருந்தது பேனா வடிவ ஸ்கேனர். கணினிக்குப் பின்னால் குனிந்து கீபோர்டின் ஒயரைப் பிடுங்கி, கீபோர்டுக்கும் கணினிக்கும் நடுவே ஸ்கேனரைச் சொருகுவோம். யாரோ தட்டச்சு செய்கிறார்கள் என்றே கணினி நினைத்துக்கொள்ளும். இன்று யுஎஸ்பியில் சொருகியதும் வேலை செய்கிறதே, அதுவும் அதே ஏற்பாடுதான். ஸ்கேன் செய்த எண் கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கே போய் விழும். எந்த விசைப்பலகை இயங்குகிறதோ அதன் வழியாகத்தான் விழும். காலையில் தமிழ்99 விசைப்பலகையில் நூல் தலைப்புகளை ஏற்றியவர் அதை மாற்றாமல் எழுந்துபோனால், அடுத்து ஸ்கேன் செய்பவருக்கு உன்னுடைய ஆங்கில எழுத்துகள் வேறு எழுத்துகளாக வந்து நிற்கும். ஸ்கேனர் கெட்டுவிட்டது என்று கம்பெனிக்குப் போன் போடுவார்கள். இலக்கங்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை. தமிழ் நூல்கள் உள்ள நூலகத்துக்கு எழுதும் கையேட்டில் இந்த எச்சரிக்கை முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும், தம்பி.

ஆனால் பழைய நூல்களைப் பற்றிய உன் அத்தியாயத்துக்கு ஈடாக நான் எதையும் படித்ததில்லை. நொறுங்கும் தாளில் பசை ஸ்டிக்கர் ஒட்டாதே, பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தை மறைக்காதே, அமிலமில்லாத தாளில் ஒரு பட்டை வெட்டி அதில் லேபிளை ஒட்டி நூலுக்குள் வை என்கிறாய். எத்தனை அரிய பதிப்புகளின் முகப்பில் முத்திரை குத்தியும் ஸ்டிக்கர் ஒட்டியும் பாழாக்கியிருக்கிறார்கள்! அந்த அத்தியாயத்தைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு நூலகத்திலும் சுவரில் ஒட்டலாம். நோட்பேடைத் திறந்து ஸ்கேன் செய்து, கர்சர் அடுத்த வரிக்கு இறங்குகிறதா என்று பார்த்து ஸ்கேனரின் என்டர் அமைப்பைச் சோதிக்கும் பகுதியும் அருமை.

ஏற்கெனவே ஒட்டிய லேபிள்களை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். உரிக்காதே, அட்டை கிழியும். ஸ்கேனர் படிக்கிறவை அப்படியே இருக்கட்டும். கோஹா இரண்டு வகை எண்ணையும் ஏற்கும். படிக்காதவை கவுன்ட்டருக்கு வரும்போது கணினியில் எண்ணை மாற்றிவிட்டு, பழையதன் மேலேயே புதியதை ஒட்டு. அடுத்த மாதிரித் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பாதே. அச்சிட்ட தாளையே தபாலில் அனுப்பு. என் ஸ்கேனரில் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்