மெலிந்த உடலைப் பேணும் முறை

உடற்பாரத்தைக் குறைத்தல் ஒன்று. குறைந்த பாரம் மீள ஏறாது காத்தல் பிறிதொன்று. முன்னையது சில மாதத் தொழில். பின்னையது வாழ்நாள் முழுதுஞ் செய்யுந் தொழில். இவ்வேறுபாட்டை அறியாமையால் நாமே ஒருமுறை இடருற்றோம். வைத்தியர் சொற்கேட்டு, இராப்போசனத்தை அறவே விடுத்து, நான்கு மாதத்தில் எட்டுக் கிலோ குறைந்தோம். சக ஆசிரியர் பாராட்டினர். ஓராண்டு கழியுமுன் இடைவேளையிற் சீனித் தேநீரும் பணிசும், மாலையிற் பிஸ்கற்றும் என முன்னைவழக்கம் ஒவ்வொன்றாய் மீண்டது. பாரமும் உடன் மீண்டது. அக்காலத்தில் மாணாக்கருக்குச் சுகாதாரபாடம் நடத்துங்கால் நமக்கு நாணமுண்டாயிற்று.

இது மனவுறுதியின்மை மாத்திரமோ எனின், அன்று. உடலும் பழைய பாரத்தையே நாடும். மெல்பேண் நகரத்து ஆராய்ச்சியாளர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே, பத்து வாரம் உணவை மிகக் குறைத்து மெலிந்தோரிடத்து, ஓராண்டு கழிந்த பின்னரும் பசியுணர்வு முன்னையினும் மிக்கே நின்றமை காணப்பட்டது. ஆதலாற் பசியோடு போராடும் முறை நெடுங்காலம் நில்லாது. பசி தணிய உண்டும் அளவு மிகாத முறையே நிலைக்கும்.

அம்முறை யாதெனின், முழுத் தானியமும் பயறும் காய்கீரையும் கொண்டு வீட்டிற் சமைத்துண்டலாம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தார் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை இதனை விளக்கும். இருபதின்மர் நான்கு வாரம் ஓரிடத்திற் தங்கினர். தொழிற்சாலையிற் பலவாறு பதனிட்ட உணவை இருவாரமும், அவ்வாறு பதனிடாத உணவை இருவாரமும் பெற்றனர். பரிமாறிய உணவின் கலோரி, சீனி, கொழுப்பு, நார் என்பன இருகாலத்தும் ஒத்திருந்தன. வேண்டியமட்டும் உண்ணலாம் என்பது விதி. பதனிட்ட உணவுக்காலத்தில் அவர் நாடோறும் ஏறக்குறைய 500 கலோரி மிகுதியாக உண்டனர், விரைந்தும் உண்டனர். அப்போது 0.9 கிலோ அளவு ஏறினர். மற்றைக்காலத்தில் அத்துணையே குறைந்தனர். சோதனை சிறிதாயினும் அது புகட்டும் பாடம் பெரிது.

இனி, யாம் கைக்கொண்டொழுகுவதைக் கூறுவோம். கோதுமைமாப் பிட்டை விடுத்துக் குரக்கன்மாப் பிட்டும், தீட்டிய வெள்ளரிசியை விடுத்துத் தவிடு நீங்காச் சிவப்பரிசியும் கொண்டோம். உண்கலத்திற் பாதி முருங்கையிலை வறை, கீரை, கத்தரி, பூசணி முதலியன; காற்பங்கு சோறு; எஞ்சிய காற்பங்கு பருப்பு அல்லது பயறு. இடைவேளைக்கு அவித்த கடலையை வீட்டிலிருந்தே கொண்டு செல்வோம். வாரந்தோறும் பாரத்தை நிறுத்துக் குறிப்போம்; ஏறின், அவ்வாரமே திருத்துவோம். வீட்டுணவென்பது பற்றி அளவின்றி உண்ணற்க. தேங்காய்ப்பாற் கறியும் எண்ணெயிற் பொரித்த வடையும் நம் அடுக்களையிற் செய்யினும் கலோரி மிக்கனவே.

முதன்முறை தவறியதற்கு வேறொரு காரணமும் உண்டு. பாடசாலையிலும் இல்லத்திலும் உழைக்கும் மனைவியார்மேலேயே நம் பத்தியச் சமையற்சுமையையும் ஏற்றினோம். அவர் களைத்த நாளெல்லாம் கடையுணவு வீட்டிற் புகுந்தது. இப்பொழுது முன்னிரவிற் கடலை ஊறவைத்தலும், கீரை ஆய்தலும், தேங்காய் துருவுதலும் நமக்குரிய கடன். இவ்வாறு தொடங்கி ஆறாண்டாயிற்று. குறைந்த பாரத்தில் இரண்டு கிலோவுக்குமேல் ஏறவில்லை.

நீரிழிவுக்கு மருந்துண்போர் வைத்தியரை வினவிய பின்னரே உணவை மாற்றுக. ஆசிரியர்காள்! நாம் கரும்பலகையில் எழுதுவதினும், இடைவேளையில் நம் கையிலிருக்கும் பொதியையே மாணாக்கர் கூர்ந்து நோக்குவர் என்பதை மறவாதொழிக.

தேர்வு வினாக்கள்: பாரங் குறைத்தலுக்கும் காத்தலுக்கும் வேற்றுமை யாது? கலோரி ஒத்த உணவு பரிமாறியும் உண்டவளவு வேறுபட்டது எப்போது? வீட்டுணவிலும் அளவு வேண்டுவது ஏன்? உங்கள் இல்லத்தில் அடுக்களைச் சுமை யார்மேலது?