ஒரு வார்த்தை மாறினால் சட்டமே மாறும்



வீட்டில் அடிபடும் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று யாரைக் கேட்க வேண்டும்? அவளைத்தான். ஆனால் ஆராய்ச்சி செய்யும்போதும் சட்டம் எழுதும்போதும் ஊரையெல்லாம் கேட்டுவிட்டு அவளை மட்டும் விட்டுவிடுவார்கள். "பாவம், அவளுக்கு என்ன தெரியும்" என்பார்கள். அவளுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது என்பதற்கு நம் நாட்டுச் சட்டமே உதாரணம்.

2002-ல் மத்திய அரசு குடும்ப வன்முறைக்கு ஒரு மசோதா கொண்டு வந்தது. அதில் 'வழக்கமாக' அடித்தால்தான் வன்முறை என்கிற மாதிரி ஒரு வார்த்தை இருந்தது. அப்போ ஒரே ஒரு தடவை மண்டையை உடைத்தால்? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் குடித்துவிட்டு அடித்தால் அது வழக்கமா, இல்லையா? என்னையோ என் சொத்தையோ காப்பாற்றத்தான் அடித்தேன் என்று சொல்லித் தப்பிக்கவும் அதில் வழி இருந்தது. அந்த வீட்டில் தங்க அவளுக்கு உரிமை உண்டு என்று மட்டும் எங்கேயும் இல்லை.

அடிபட்ட பெண்களோடு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்த பெண்கள் அமைப்புகள் இதைக் கடுமையாக எதிர்த்தன. பாராளுமன்ற நிலைக்குழுவின் முன்பும் எடுத்துச் சொன்னார்கள். 2004-ல் மக்களவை கலைந்து அந்த மசோதாவும் காலாவதியானது. பிறகு வந்ததுதான் 2005-ம் வருட குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம். 26.10.2006 முதல் நடைமுறையில் இருக்கிறது. 'வழக்கமாக' என்ற வார்த்தை போய்விட்டது. திட்டுவது, மிரட்டுவது, செலவுக்குப் பணம் தராமல் இருப்பது எல்லாம் வன்முறைக் கணக்கில் வந்தது. வீட்டில் தங்கும் உரிமையும் வந்தது.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ராத்திரி 11 மணிக்கு "வெளியே போடி" என்று கதவைச் சாத்தினால், இரண்டு பிள்ளைகளோடு எங்கே போவது? அடியை விட இந்தப் பயம்தான் பெரிசு என்று நாங்கள் போகும் கிராமங்களில் பெண்கள் சொல்கிறார்கள். படித்தவர்கள் அடியைப் பற்றியே எழுதுவார்கள். பட்டவள் கதவைப் பற்றிப் பேசுவாள். வீடு மாமனார் பேரில் இருந்தாலும், அங்கே குடும்பமாக வாழ்ந்த மருமகள் தங்கும் உரிமை கேட்கலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

அடுத்து, கணக்கெடுக்கும் முறை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரை உள்ள திருமணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவனால் வன்முறையைச் சந்தித்தவர்கள். எப்படிக் கேட்டார்கள் தெரியுமா? "உனக்குக் கொடுமை நடக்கிறதா" என்று கேட்டால் "அதெல்லாம் இல்லீங்க" என்று சொல்லிவிடுவோம். அதனால் தள்ளினாரா, அறைந்தாரா, கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா என்று தனித்தனியாகக் கேட்டார்கள். ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், வேறு யார் காதிலும் விழாமல் கேட்க வேண்டும் என்பது விதி. தனிமை கிடைக்காவிட்டால் அந்தக் கேள்விகளை விட்டுவிட வேண்டும்.

இந்தக் கேள்விப் பட்டியலை நம் சகோதரிகள் தயாரித்தால் இன்னும் சேர்ப்பார்கள். குழுவில் வாங்கிய கடனைப் பிடுங்கிக்கொண்டு தவணையை அவள் தலையில் கட்டுவது, ஏ.டி.எம். கார்டை வாங்கி வைத்துக்கொள்வது, கூட்டத்துக்குப் போனால் சேலையை ஒளித்து வைப்பது. வெளியூர் ஆய்வாளருக்கு இது தோன்றவே தோன்றாது. அதனால்தான் பதில் சொல்ல மட்டும் கூப்பிட்டால் போதாது, கேள்வி எழுதும்போதே கூப்பிட வேண்டும் என்கிறோம்.

ஆனால் கூப்பிடுவதிலும் ஆபத்து இருக்கிறது. பேசியது வீட்டுக்குத் தெரிந்தால் அன்றைக்கு ராத்திரி அடி விழுவது அவளுக்குத்தான். யாராவது ஃபாரத்தோடு வந்தால் தைரியமாகக் கேளுங்கள்: என் பேர் எங்கே எழுதப்படும்? போட்டோ எதற்கு? பாதியில் நிறுத்தலாமா? கூலி போன நாளுக்கு என்ன தருவீர்கள்? எழுதி முடித்த பிறகு எங்களுக்குப் படித்துக் காட்டுவீர்களா? பதில் திருப்தி இல்லாவிட்டால் முடியாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

கிராம சபையில் பாதிக்கப்பட்டவளே எழுந்து பேச வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். பேசுகிறேன் என்று அவளே சொன்னால் தடுக்கவும் வேண்டாம். மற்றபடி, கோரிக்கை என்ன என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பேர் சொல்லாமல் ஊராட்சிக் கூட்டமைப்புத் தலைவி வைக்கலாம்.

இந்த மாதக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் அரை மணி நேரம் இதைப் பேசுங்கள். நம் ஊரில் ஒரு பெண் ராத்திரி வெளியேற்றப்பட்டால் எந்த வீட்டுக் கதவு திறக்கும்? மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கப் போவதென்றால் பஸ்ஸுக்கு எவ்வளவு ஆகும், கூட யார் போவது? அவசரத்துக்கு 181 எண்ணை எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதும்போது யார் பேரையும் எழுத வேண்டாம். அந்த நோட்டு பேங்கிலும் தணிக்கையிலும் பல கைகளுக்குப் போகும், சில வீடுகளில் புருஷன் கைக்கும் போகும்.