ஏர் இன்டேக் மாட்டும்போது கவனிக்க வேண்டிய இடம்

வாடிக்கையாளர் கொண்டுவரும் பெட்டியில் பளபளக்கும் அலுமினியக் குழாய், கூம்பு ஃபில்டர், நாலைந்து கிளாம்ப் இருக்கும். மாட்டிக் கொடுப்பது சின்ன வேலைதான். ஆனால் அந்த வண்டி அடுத்த வாரமே செக் என்ஜின் விளக்கோடு திரும்பி வருமா என்பது, குழாயில் உட்காரும் சென்சாரையும் பக்கவாட்டில் சேரும் விரல் தடிமன் ஹோஸையும் பொறுத்தது. மாடிஃபிகேஷன் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மெக்கானிக்குப் பெயர் கிடைப்பதும் கெடுவதும் இங்கேதான்.

கழற்றும் முன் செல்போனில் படம் எடுங்கள்: எந்த ஹோஸ் எங்கே சேர்கிறது, எந்த கப்ளர் எதில் மாட்டியிருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பழைய குழாய் வெளியே வந்ததும் திறந்திருக்கும் வாயைச் சுத்தமான துணியால் மூடிவிடுங்கள். டர்போ வண்டியில் இதை ஒருபோதும் விடக் கூடாது. நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டும் கம்ப்ரஸர் வீலுக்குள் ஒரு சின்ன ஸ்க்ரூ போனாலே டர்போ போய்விடும்.

அடுத்து, வண்டி காற்றை எப்படி அளக்கிறது என்று பாருங்கள். சிலவற்றில் மேனிஃபோல்டில் இருக்கும் மேப் சென்சார் அழுத்தத்தை அளக்கும். சிலவற்றில் குழாயிலேயே மாஃப் சென்சார் இருக்கும். மாஃபில் உள்ள சூடான கம்பியைக் காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்து என்ஜின் கணினியான ஈசியு கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு கம்பெனிக் குழாயின் உள்விட்டத்துக்கானது. 60 மி.மீ. இருந்த இடத்தில் 70 மி.மீ. வைத்தால் பரப்பு சுமார் 36 சதவீதம் கூடும். அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் குறைத்துக் காட்டும், பெட்ரோலும் குறைவாக விழும். ஆகவே சென்சார் உட்காரும் இடத்தை இரண்டு குழாயிலும் வெர்னியரால் அளந்து பாருங்கள். விட்டம் மாறினால், டியூனிங் இல்லாமல் மாட்ட முடியாது என்று வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்லுங்கள். வேலை கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை.

மாஃபின் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். அது என்ஜின் பக்கம் காட்ட வேண்டும். ஓரிங் மடங்காமல் உட்காரட்டும். கம்பியை விரலால் தொடாதீர்கள். கழுவ வேண்டியிருந்தால் மாஃப் கிளீனர் மட்டும்தான். கார்ப் கிளீனர், பிரேக் கிளீனர் கூடாது. எண்ணெய் பூசும் வகை ஃபில்டர் என்றால் அதிகப்படி எண்ணெயைத் துடைத்த பிறகே மாட்டுங்கள், இல்லாவிட்டால் அது கம்பியில் படியும்.

காற்றின் சூட்டை அளக்கும் ஐஏடி சென்சார் சில வண்டிகளில் தனியாக ரப்பர் குரோமெட்டில் சொருகியிருக்கும். புதுக் குழாயில் துளை இல்லை என்று அதை என்ஜின் ஓரமாகத் தொங்கவிட்டுப் போகிறவர்கள் உண்டு. என்ஜின் சூட்டையே அது காற்றின் சூடு என்று சொல்லும். ஈசியு இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். பிக்கப்புக்காகச் செலவழித்தவருக்குப் பிக்கப்பே குறையும். கப்ளரை மாட்ட மறந்தால் பி-0113 கோடு வரும்.

இனி பிரீதர் ஹோஸ். வால்வ் கவரிலிருந்து வரும் இது மாஃபுக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவில் சேர வேண்டும். அளந்த காற்றுதான் உள்ளே போக வேண்டும் என்பதே காரணம். இதைத் திறந்து விட்டாலோ, முனையில் சின்ன ஃபில்டரைச் செருகினாலோ, அளக்காத காற்று உள்ளே புகுந்து கலவை லீன் ஆகும், பி-0171 வரும். மேப் வண்டியில் கலவை அந்த அளவு கெடாது, ஆனால் திறந்த ஹோஸ் வழியே தூசி ஆயிலில் சேரும். புதுக் குழாயின் நிப்பிள் பெரிதாக இருந்தால் பழைய ஹோஸை இழுத்து விரிக்காதீர்கள். சரியான அளவில் ஆயில் தாங்கும் ஹோஸ் வாங்கிப் போடுங்கள். சாதாரண தண்ணீர் டியூப் ஆயில் ஆவியில் ஊறி உப்பிவிடும். கிளாம்ப் குழாயின் மேட்டைத் தாண்டி உட்காரட்டும். ரப்பர் பிதுங்கும் வரை முறுக்க வேண்டாம்.

ஃபில்டரை பம்பருக்குக் கீழே இறக்கும் கிட்டாக இருந்தால், வெள்ளத்தில் ஓட்டினால் தண்ணீரை உறிஞ்சி கனெக்டிங் ராடு வளையும் என்று எச்சரியுங்கள். சென்னை மழைக்காலத்துக்கு அந்த இடம் ஆகாது.

கடைசியில் ஸ்கேனர். என்ஜின் சூடானதும் ஃப்யூயல் ட்ரிம்மை, அதாவது ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதத்தை, பாருங்கள். கூட்டல், கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. மாஃப் வண்டியில் ஐடிலில் பிளஸ்ஸில் ஏறி, 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால் முதலில் கசிவைத் தேடுங்கள். எல்லா வேகத்திலும் ஏறியே நின்றால் குழாய் விட்டத்தையும் மாஃபையும் சந்தேகியுங்கள். ஒரு ரவுண்டு ஓட்டி வந்து கிளாம்புகளை மறுபடி தொட்டுப் பாருங்கள்.

பழைய பாகங்களைப் பெட்டியில் போட்டு வாடிக்கையாளரிடமே கொடுங்கள். வாரண்டி பேச்சு வந்தால் அவருக்கு உதவும். ட்ரிம் எண்களை ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகு சாவியைக் கொடுங்கள்.