பொன்னியின் செல்வனில் ஆரம்பிக்க வேண்டாம்: தமிழ் வாசிப்புக்குப் புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

“தமிழ்ல ஏதாவது படிக்கலாம்னு இருக்கேன், எதுல ஆரம்பிக்கறது?” என்று கேட்டால் உடனே வரும் பதில், ‘பொன்னியின் செல்வன்’. அருமையான கதைதான், ஆனால் ஐந்து பாகம். 1950இல் கல்கி இதழில் தொடங்கி ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் வாராவாரம் வந்த தொடர் அது. அன்றைய வாசகர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் படித்தார்கள். புதிதாக வருபவர் ஐந்தையும் மொத்தமாக வாங்கி அடுக்கினால், முதல் பாகத்தின் நடுவில் செருகிய பஸ் டிக்கெட் அங்கேயே தங்கிவிடும்.

முதலில் ஒல்லியான புத்தகம்

ஒரே உட்காரலில் ஒரு கதை முடிய வேண்டும். அதற்கு என் முதல் சிபாரிசு சுஜாதாவின் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’. பாட்டி வீட்டில் வளரும் பையன், ரங்கு கடைத் திண்ணை, தெருவில் நடக்கும் கூத்துகள். ஒவ்வொன்றும் தனிக்கதை, எதையும் முதலில் படிக்கலாம். வாய்விட்டுச் சிரிக்கத் தேவனின் ‘துப்பறியும் சாம்பு’. அசட்டு வங்கி குமாஸ்தா ஒருவர் தற்செயலாகத் துப்புத் துலக்கிப் பெரிய ஆளாகிவிடுவார். நாவல்தான் வேண்டும் என்றால் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. அதில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய்க்காகவே படிக்கலாம்.

எளிதாக ஓடுவது மட்டமான எழுத்து என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அசோகமித்திரன் கதையில் ஒரு கடினமான சொல்லைத் தேடிப் பாருங்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

கடையில் நின்றபடி ஒரு சோதனை

பின்னட்டையை நம்ப வேண்டாம், அங்கே எல்லாப் புத்தகமும் மகத்தானதுதான். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படியுங்கள். பக்கம் முடிந்ததும் கை தானாகப் புரட்டினால் எடுத்துக்கொள்ளலாம்.

எழுத்தின் அளவையும் பாருங்கள். கல்கி, புதுமைப்பித்தன் நூல்கள் நாட்டுடைமை ஆனவை, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால் பொடி எழுத்தில் நெருக்கியடித்த மலிவுப் பதிப்புகளும் கிடைக்கின்றன. ஐம்பது ரூபாய் மிச்சம் பிடித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

வட்டாரப் பேச்சு தடுத்தால்

பூமணியின் ‘வெக்கை’யைக் கையில் எடுத்தவர்கள் பலர் முதல் சில பக்கங்களில் தயங்குவார்கள். கரிசல் பேச்சு அது. கண்ணால் மட்டும் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். காதில் விழுந்ததும் பாதி புரிந்துவிடும். மீதியைப் போகிற போக்கில் விடலாம், ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி தேடினால் கதை செத்துப்போகும். 2019இல் வந்த ‘அசுரன்’ படம் ‘வெக்கை’யை வைத்து எடுத்ததுதான். படம் பார்த்தவர்களுக்குக் கதையின் தடம் தெரியும் என்பதால் இன்னும் சுலபம். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ படிக்கவும் இதே வழிதான்.

எங்கே கிடைக்கும்

முதலில் உங்கள் ஊர்க் கிளை நூலகம். சிறு வைப்புத் தொகையும் ஆண்டுச் சந்தாவும் கட்டினால் வீட்டுக்கே எடுத்துப் போகலாம். பிடிக்காவிட்டால் காசு நஷ்டம் இல்லை. பழைய நூல்களுக்கு, 1998 முதல் இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம். சொந்தமாக வாங்க ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. பத்து சதவீதக் கழிவு உண்டு, ஆனால் பட்டியல் இல்லாமல் போனால் பை கனக்கும், அலமாரி தூசு படியும்.

பிடித்ததை நண்பருக்குச் சொல்வது

“கண்டிப்பா படி, வாழ்க்கையே மாறிடும்” என்று சொன்னால் யாரும் படிக்கமாட்டார்கள். ஒரு கதையை மட்டும் கைகாட்டுங்கள். தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ என்றால், “ரயில்ல நடக்கற கதை, பத்துப் பதினைஞ்சு நிமிஷம்தான்” என்பது போதும். முடிவைச் சொல்லிவிடாதீர்கள். கேட்பவரின் ருசியும் முக்கியம். ராஜேஷ்குமாரின் க்ரைம் நாவல்களில் ஊறியவருக்கு அடுத்த படி, வக்கீல்கள் கணேஷ், வசந்த் வரும் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’. அவரிடம் போய்க் கவிதைத் தொகுப்பை நீட்டுவது நம் ருசியைத் திணிப்பது.

புத்தகத்தைக் கொடுத்த பிறகு “படிச்சாச்சா?” என்று வாரம் ஒருமுறை கேட்காதீர்கள். அவர் உங்களைக் கண்டால் ஒதுங்கத் தொடங்குவார். பாதியில் நிறுத்திவிட்டேன் என்றால் காரணம் கேட்டுக்கொண்டு வேறொன்றைக் கொடுங்கள். ஆசிரியர் கையெழுத்துப் போட்ட பிரதியை மட்டும் யார் கேட்டாலும் வெளியே விடாதீர்கள், அட்டை போட்டுத் தருகிறேன் என்றாலும்கூட.